ஒரு மாத்திரை 1,000 டாலர்: அமெரிக்கக் காப்பீட்டைத் திணறடித்த சோவால்டி

2013 டிசம்பர் 6 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோவால்டி என்ற மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. மூலப்பெயர் சோஃபோஸ்புவிர், தயாரிப்பு கிலியட் சயின்சஸ், நோய் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி. நாளொன்றுக்கு ஒரு மாத்திரை வீதம் 12 வாரம், மொத்தம் 84 மாத்திரை. ஒரு மாத்திரையின் பட்டியல் விலை 1,000 டாலர், முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 52 லட்சம் ரூபாய்.

இதைவிட விலை அதிகமான மருந்துகள் அப்போதே அமெரிக்காவில் இருந்தன. அரிய மரபணு நோய்களுக்கு ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்சம் டாலர் வாங்கிய மருந்துகளையும் காப்பீட்டு நிறுவனங்கள் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டன. நோயாளிகள் சில நூறு, சில ஆயிரம் பேர்தான் என்பதால் அந்தச் செலவு கோடிக்கணக்கானவர்களின் பிரீமியத்தில் கரைந்துவிடும். ஹெபடைடிஸ் சி விஷயத்தில் அந்த வழி அடைபட்டது. அமெரிக்காவில் சுமார் 30 லட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருந்ததாக மதிப்பிட்டார்கள். 84,000 டாலரை 30 லட்சத்தால் பெருக்கினால் 25,200 கோடி டாலர் வருகிறது. எத்தனை பேருடைய பிரீமியத்தில் அதைக் கரைப்பது?

இன்று மருந்து விலையையும் காப்பீட்டையும் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஏதாவது ஒரு இடத்தில் இந்தக் கதைக்குத் திரும்பி வருகிறார்கள். காப்பீடு உள்ள நோயாளிக்கும் மருந்து எப்படிக் கை நழுவுகிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

மருந்து நல்ல மருந்து

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சோவால்டி வருவதற்கு முன்பு ஹெபடைடிஸ் சி நோயாளிகள் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் எடுத்தார்கள், பலர் 48 வாரம் வரை. காய்ச்சல், ரத்தசோகை, கடும் மனச்சோர்வு என்று பக்கவிளைவுகள் ஆளையே முடக்கிப்போட்டன. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம். அமெரிக்காவில் அதிகம் காணப்படும் முதல் வகைக் கிருமிக்கு இவ்வளவு பாடுபட்டும் குணமானவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான்.

சோவால்டி சேர்ந்ததும் அது 90 சதவீதத்தை ஒட்டி வந்தது. 2014 அக்டோபரில் கிலியட் கொண்டுவந்த ஹார்வோனியில் ஊசியே இல்லை. நாளுக்கு ஒரு மாத்திரை, பெரும்பாலோருக்கு 12 வாரம், சிலருக்கு 8 வாரம்தான், குணமாகும் விகிதம் 94 சதவீதத்துக்கு மேல். அதன் விலை 94,500 டாலர். நாட்பட்ட வைரஸ் நோய் ஒன்றை உடலிலிருந்து அடியோடு துரத்தும் மருந்து கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம். சோஃபோஸ்புவிரை உருவாக்கிய குழுவின் வேதியியலாளர் மைக்கேல் சோஃபியாவுக்கு 2016-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. தகுதியான விருதுதான்.

இப்படிப்பட்ட மருந்து கையில் இருக்கும்போது ஒருவரைக் காத்திருக்கச் சொன்னது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. பயனில்லாத மருந்தின் விலை எக்கேடு கெட்டால் நமக்கென்ன?

விலை எப்படி வந்தது

சோஃபோஸ்புவிரைக் கண்டுபிடித்தது ஃபார்மாசெட் என்ற சிறிய நிறுவனம். 2011 நவம்பரில் கிலியட் அதை 1,100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது ஃபார்மாசெட்டின் கைவசம் சந்தையில் விற்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. அந்தத் தொகை முழுவதும் வரப்போகும் விலையின் மேல் கட்டிய பந்தயம்.

அமெரிக்க செனட்டின் நிதிக் குழுவைச் சேர்ந்த ரான் வைடனும் சக் கிராஸ்லியும் கட்சி பேதம் பார்க்காமல் இதைத் தோண்டினார்கள். 18 மாதம் விசாரித்து, கிலியட்டின் உள் ஆவணங்கள் உட்பட சுமார் 20,000 பக்கங்களைப் படித்து, 2015 டிசம்பர் 1 அன்று அறிக்கை வெளியிட்டார்கள். ஃபார்மாசெட் தனியாக இருந்த காலத்தில் இதே சிகிச்சைக்கு 36,000 டாலர் விலையைத்தான் கணக்கில் வைத்திருந்தது என்பது அதில் வருகிறது. கிலியட்டோ 50,000 முதல் 1,15,000 டாலர் வரை பல விலைகளை வைத்துப் பார்த்து, எந்த விலையில் எத்தனை காப்பீட்டாளர்கள் முரண்டு பிடிப்பார்கள், எத்தனை நோயாளிகள் மருந்தில்லாமல் நிற்பார்கள் என்று முன்கூட்டியே யோசித்திருந்தது. பின்னால் வரும் ஹார்வோனிக்கு இன்னும் உயரத்தில் விலை வைக்க, முதல் மருந்தின் விலை ஒரு படிக்கட்டாக வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

தயாரிப்புச் செலவு? 12 வாரத்துக்கான மருந்தை மொத்த அளவில் செய்தால் 68 முதல் 136 டாலர் வரை ஆகும் என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஹில் குழு 2014-ல் கணக்கிட்டுக் காட்டியது. ஆராய்ச்சிக்குச் செலவில்லையா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2014, 2015 ஆகிய இரண்டே ஆண்டுகளில் கிலியட்டின் ஹெபடைடிஸ் சி மருந்துகள் உலகம் முழுவதும் 3,100 கோடி டாலருக்கு மேல் விற்றன. ஃபார்மாசெட்டை வாங்கிய பணத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கிலியட்டின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் மாற்று அறுவைக்குப் பல லட்சம் டாலர் ஆகும், கல்லீரல் முழுக்கத் தழும்பேறும் சிரோசிஸும் புற்றுநோயும் வந்தால் வாழ்நாள் முழுக்கச் செலவு, பழைய மருந்துகளில் ஒருவரைக் குணமாக்க ஆன மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் அதிகமில்லை என்றார்கள். ஒரு நோயாளியை மட்டும் எடுத்துக்கொண்டால் இதில் உண்மை உண்டு. மருந்தின் பயனை விலையோடு நிறுத்துப் பார்க்கும் பொருளாதார ஆய்வுகளில் பலவும் பின்னாளில் இதையே சொல்லின. ஆனால் காப்பீடு ஒரு நோயாளியைப் பார்த்து நடப்பதில்லை. இந்த ஆண்டு வசூலான பிரீமியத்திலிருந்து இந்த ஆண்டின் பில்லைக் கட்ட வேண்டும். இருபது ஆண்டு கழித்து மிச்சமாகப் போகும் அறுவைச் சிகிச்சைச் செலவைக் காட்டி இன்றைய மருந்துக்கடை பில்லைத் தீர்க்க முடியாது.

காப்பீட்டின் கணக்கு

2014-ன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் ஹெபடைடிஸ் சி மருந்துகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது என்று யுனைடெட்ஹெல்த் நிறுவனம் அறிவித்தது. அந்த ஆண்டுக்கான பிரீமியத்தை முந்தைய ஆண்டே முடிவு செய்துவிட்டார்கள், அதில் இந்த மருந்துக்கு இவ்வளவு வரும் என்று யாரும் ஒதுக்கவில்லை. அமெரிக்கா முழுவதும் மருந்துச்சீட்டு மருந்துகளுக்கான செலவு 2013-ல் இரண்டரை சதவீதம் போலத்தான் கூடியது. 2014-ல் அது 12 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அதற்கு முக்கியமான ஒரு காரணமாக அரசின் கணக்காளர்களே ஹெபடைடிஸ் சி மருந்துகளைக் குறிப்பிட்டார்கள்.

தனியார் காப்பீட்டாளருக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு சேர்ந்து வருகிறது. வேலை மாறினால் காப்பீட்டு நிறுவனம் மாறும், 65 வயதானால் அரசின் மெடிகேருக்குப் போய்விடுவார்கள். ஹெபடைடிஸ் சி கிருமி கல்லீரலைச் சிதைக்க இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். தொற்று மிக அதிகமாக இருந்தது 1945 முதல் 1965 வரை பிறந்தவர்களிடம். 2014-ல் அவர்களில் மூத்தவர்கள் ஏற்கெனவே மெடிகேரில், மற்றவர்கள் அதன் வாசலை நோக்கி. இப்போது 84,000 டாலர் கட்டினால் அதனால் மிச்சமாகும் பணம் பின்னாளில் அரசுக்கோ வேறொரு நிறுவனத்துக்கோ போகும். ஆகவே சிகிச்சையை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு லாபம். யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து இதைத் திட்டமிட வேண்டியதில்லை, கட்டமைப்பே அந்தப் பக்கம் தள்ளுகிறது.

முதியவர்களுக்கான மெடிகேர் மருந்துத் திட்டத்தின் கோளாறு வேறு மாதிரி. 2014 விதிப்படி நோயாளியின் கணக்கில் சேரும் செலவு 4,550 டாலரைத் தாண்டியதும் 'பேரிடர் கட்டம்' தொடங்கும். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு டாலரிலும் 80 சென்ட் அரசு, 15 சென்ட் காப்பீட்டுத் திட்டம், 5 சென்ட் நோயாளி. 84,000 டாலர் மருந்து முதல் மாத பில்லிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பெரும்பகுதி வரிப்பணத்தின் தலையில் விழுவதால், விலையைக் குறைக்கச் சண்டை போட வேண்டிய தேவை திட்டம் நடத்தும் நிறுவனத்துக்குக் குறைவு. நோயாளியின் 5 சதவீதத்துக்கோ உச்சவரம்பே கிடையாது. சோவால்டி எடுத்த ஒரு முதியவர் காப்பீடு இருந்தும் தன் கையிலிருந்து சுமார் 6,600 டாலர் கட்ட வேண்டியிருந்தது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவருக்கு அது பல மாத வருமானம். 2014-ல் மெடிகேர் இந்தப் புதிய மருந்துகளுக்குத் தள்ளுபடிகளைக் கழிக்கும் முன் 450 கோடி டாலர் செலவழித்தது. விலையைப் பேரம் பேச மெடிகேருக்கு அன்று சட்டம் அனுமதி தரவில்லை.

கல்லீரல் இன்னும் கெட வேண்டும்

மாநிலங்கள் நடத்தும், ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டில்தான் அடி பலமாக விழுந்தது. மாநில அரசுகள் பட்ஜெட்டைச் சமன் செய்தே ஆக வேண்டும், கடன் வாங்கிச் சமாளிக்க வழியில்லை. மெடிகெய்டுக்குத் தள்ளுபடி தர ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் மருந்தை மெடிகெய்டு ஒட்டுமொத்தமாக மறுக்கவும் சட்டம் விடாது. மிச்சமிருந்த ஒரே கதவு முன்அனுமதி. மருத்துவர் எழுதிக்கொடுத்தாலும் திட்டம் சம்மதித்தால்தான் மருந்து வரும்.

கல்லீரலில் தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை எஃப்0 முதல் எஃப்4 வரை அளப்பார்கள். எஃப்4 என்றால் சிரோசிஸ். 2015-ல் வந்த ஓர் ஆய்வு 42 மாநிலங்களின் மெடிகெய்டு விதிகளைப் பார்த்தது. நான்கில் மூன்று மாநிலங்கள் எஃப்3 அல்லது எஃப்4-ஐ எட்டியவர்களுக்குத்தான் மருந்து என்று வைத்திருந்தன. பாதி மாநிலங்கள், நோயாளி குறிப்பிட்ட காலம் மதுவோ போதைப்பொருளோ தொடாமல் இருந்திருக்க வேண்டும் என்றன. கல்லீரல் நிபுணரோ தொற்றுநோய் நிபுணரோ எழுதினால்தான் செல்லும் என்ற விதி பல இடங்களில் இருந்தது. நூறு மைலுக்கு அப்படி ஒருவர்கூட இல்லாத கிராமத்து நோயாளி என்ன செய்வார்?

குணமாக்கும் மருந்து இருக்கிறது, நோய் உறுதியாகிவிட்டது, காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கிறது. ஆனாலும் எஃப்2-வில் இருப்பவரிடம் மருத்துவர் சொல்ல வேண்டியிருந்த பதில், உங்கள் கல்லீரல் இன்னும் கொஞ்சம் கெட்ட பிறகு வாருங்கள் என்பதுதான். தழும்பு முற்றியபின் கிருமியை ஒழித்தாலும் புற்றுநோய் அபாயம் முழுதாக நீங்குவதில்லை என்பது அந்த மருத்துவருக்குத் தெரியும். போதை ஊசி வழியாகப் புதிதாகத் தொற்று பரவிக்கொண்டிருந்தபோது, அந்த ஊசி போடுபவர்களையே சிகிச்சையிலிருந்து விலக்கி வைத்தார்கள். பொதுச் சுகாதாரம் படித்த எவரும் இப்படி ஒரு விதியை எழுத மாட்டார். பட்ஜெட்தான் எழுதியது.

இவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் 2014-ல் மெடிகெய்டு சோவால்டிக்குத் தள்ளுபடிக்கு முன் 100 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அந்தப் பணத்தில் சிகிச்சை கிடைத்தது, நோய் உள்ள மெடிகெய்டு பயனாளிகளில் 2.4 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. இது வைடன்–கிராஸ்லி அறிக்கையில் உள்ள கணக்கு.

டெலவேர், மேரிலாந்து, நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் 2014 இறுதியிலிருந்து 2015 ஏப்ரல் வரை எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகளை ஓர் ஆய்வுக் குழு பின்தொடர்ந்தது. மெடிகெய்டு நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு மருந்து முற்றிலும் மறுக்கப்பட்டது. தனியார் காப்பீட்டில் 10 சதவீதம், மெடிகேரில் 5 சதவீதம்.

அப்புறம் விலை இறங்கியது. அதோடு மறுப்பும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? 2016, 2017-ல் 45 மாநிலங்களில் பார்த்த அடுத்த ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. மெடிகெய்டில் மறுப்பு 34 சதவீதத்தை ஒட்டியிருந்தது, தனியார் காப்பீட்டிலோ 52 சதவீதத்தைத் தொட்டது. இந்த எண்ணைத்தான் இந்தக் கதையில் முக்கியமானதாக நான் நினைக்கிறேன். ஒரு மருந்தின் விலைக்குப் பயந்து கட்டிய வேலி, விலை இறங்கிய பிறகும் நிற்கிறது. படிவங்கள், அவற்றைச் சரிபார்க்கும் ஆட்கள், மறுத்துப் பழகிய கை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

விலை இறங்கியது எப்படி

கோபமோ செனட் அறிக்கையோ விலையை இறக்கவில்லை, போட்டி இறக்கியது. 2014 டிசம்பரில் ஆப்வீ நிறுவனத்தின் வியெக்கிரா பாக் என்ற கூட்டு மருந்து ஒப்புதல் பெற்றது. பட்டியல் விலை 83,000 டாலரைத் தாண்டியிருந்தாலும், காப்பீட்டாளர்கள் சார்பில் மருந்து விலை பேசும் நிறுவனமான எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ் பெரிய தள்ளுபடி வாங்கிக்கொண்டு, முதல் வகைக் கிருமி நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இனி இதுதான் என்று கிலியட்டைத் தன் பட்டியலிலிருந்து ஒதுக்கியது. சில நாளிலேயே அதே தொழில் செய்யும் சிவிஎஸ் கிலியட்டின் பக்கம் சேர்ந்தது. 2014-ல் சராசரியாக 22 சதவீதமாக இருந்த தன் தள்ளுபடி 2015-ல் 46 சதவீதமாகும் என்று கிலியட்டே சொன்னது. 2016 ஜனவரியில் மெர்க் தன் மருந்தை 54,600 டாலருக்கு இறக்கியது, 2017 ஆகஸ்டில் ஆப்வீயின் மேவிரெட் 8 வாரத்துக்கு 26,400 டாலர் என்று வந்தது. 2019 ஜனவரியில் கிலியட்டே அசேகுவா என்ற துணை நிறுவனத்தின் பெயரில் தன் மருந்துகளின் ஜெனரிக் வடிவத்தை 24,000 டாலருக்குக் கொடுத்தது.

கட்டுப்பாடுகள் தளர்ந்ததற்கு நீதிமன்றமும் ஒரு காரணம். 2015 நவம்பர் 5 அன்று மத்திய அரசு, தழும்பைக் காட்டி மருந்தை மறுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்ற பொருளில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2016 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, மெடிகெய்டு எல்லா நிலை நோயாளிகளுக்கும் மருந்து தர வேண்டும் என்று உத்தரவிட்டார்.

வேறு வழியில் வாங்கியவர்கள்

இதே காலத்தில் இதே மருந்தை வேறு விதமாக வாங்கியவர்களும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவத் துறைக்கு நோயாளி வாழ்நாள் முழுக்கச் சொந்தம், இன்னொரு காப்பீட்டாளருக்குப் போகிறவர் இல்லை. இன்று செலவழித்தால் நாளைய மிச்சம் தனக்கே. நாடாளுமன்றம் தனியாக நிதி ஒதுக்கியது, துறை பேரம் பேசி விலையைக் குறைத்தது. 2016 மார்ச்சில் நோய் எந்த நிலையில் இருந்தாலும் எல்லா வீரர்களுக்கும் சிகிச்சை என்று அறிவித்தது.

ஆஸ்திரேலியா ஐந்து ஆண்டுக்கு 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் மொத்தமாக ஒதுக்கி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. செலவுக்கு ஒரு வரம்பு இருந்ததால், எத்தனை பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை கொடுக்கிறார்களோ அவ்வளவுக்குத் தலைக்கு ஆகும் செலவு குறையும். தழும்புக் கணக்கும் மது விதியும் தேவைப்படவில்லை, சிறைக் கைதிகளுக்கும் மருந்து கிடைத்தது. 2016-ல் மட்டும் 30,000-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சை எடுத்தார்கள். இதே யோசனையை 2019 ஜூலையில் லூசியானா மாநிலம் எடுத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டிவிட்டு மெடிகெய்டு நோயாளிகளுக்கும் சிறையில் உள்ளவர்களுக்கும் வேண்டிய அளவு மருந்து. நெட்ஃப்ளிக்ஸ் சந்தா மாதிரி என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்தியாவில் கதை வேறு. 2014 செப்டம்பரில் கிலியட் இந்திய ஜெனரிக் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து, 91 வளரும் நாடுகளில் விற்க அனுமதித்தது. இங்கே சோஃபோஸ்புவிர் காப்புரிமைக்கு எதிராக நோயாளிகள் அமைப்புகள் தொடுத்த எதிர்ப்பும் அப்போது நிலுவையில் இருந்தது. 2015 ஜனவரியில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்து, வழக்கெல்லாம் நடந்து 2016 மே மாதம் வழங்கியது. அதற்குள் பல இந்திய நிறுவனங்கள் மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டன, அவை ஒன்றோடொன்று போட்டியிட விலை சில நூறு டாலருக்கு இறங்கியது. காப்பீடு மறுத்த பணக்கார நாட்டு நோயாளிகள் சிலர் இந்தியாவிலிருந்து மாத்திரை வரவழைத்துச் சாப்பிட்டார்கள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசமாகவே கிடைக்கிறது.

இப்போது

2022-ல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் மெடிகேரின் இரண்டு ஓட்டைகளை அடைக்க முயன்றது. 2025-ல் மருந்துக்காக நோயாளி கையிலிருந்து கட்டுவதற்கு ஆண்டுக்கு 2,000 டாலர் என்று வரம்பு வந்தது, பிராண்ட் மருந்துகளுக்கான பேரிடர் கட்டத்தில் அரசின் பங்கு 80-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்து பெரும்பாரம் திட்டங்களின் மேல் ஏறியது. சில மருந்துகளுக்கு விலை பேசும் உரிமையும் மெடிகேருக்குக் கிடைத்தது. முதல் பத்து மருந்துகளின் புதிய விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

தனியார் காப்பீட்டுக்கும் மாநிலத் திட்டங்களுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. அங்கே அதே பெருக்கல் கணக்கு உடல் எடை குறைக்கும் ஊசிகளின் வடிவில் திரும்பி வந்திருக்கிறது. வட கரோலினா மாநிலத்தின் அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டம், செலவைத் தாங்க முடியாமல் 2024 ஏப்ரல் 1 முதல் எடை குறைப்புக்காக அந்த ஊசிகளுக்குப் பணம் தருவதையே நிறுத்தியது.

ஹெபடைடிஸ் சி இன்னும் தீர்ந்தபாடில்லை. நோய் கண்டறியப்பட்டவர்களில் பத்து ஆண்டுகளில் குணமானவர்கள் சுமார் 34 சதவீதம்தான் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் சொன்னது. காப்பீடு உள்ளவர்களிலேயே, கண்டறிந்து ஓராண்டுக்குள் சிகிச்சை பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அதற்கு முந்தைய ஆண்டே சொல்லியிருந்தது. அரசியலுக்கு வருமுன் கல்லீரல் நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவரும் லூசியானா செனட்டருமான பில் காசிடி, எதிர்க்கட்சியின் கிறிஸ் வான் ஹாலனோடு சேர்ந்து 2025-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார். லூசியானாவின் சந்தா முறையை நாடு முழுக்க விரிக்கக் கேட்கும் மசோதா அது.